கடலைக் காக்கும் உடைகள்: ஒரு மதிப்பீடு

கடலில் கைவிடப்பட்ட மீன் வலைகளையும், குடித்தபின் எறியப்பட்ட நீர்ப் புட்டிகளையும் மீண்டும் நூலாக்கி, அந்நூலில் நீச்சலுடை தைத்து விற்கும் வழக்கம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மேனாடுகளில் பரவி வருகிறது. இவ்வுடையை வாங்குவோர் கடலைக் காப்பாற்றுகிறார்கள் என்பது அவ்வணிகத்தின் அழைப்பு. நீச்சலுடையோடு நில்லாமல் சட்டை, மேலங்கி, விளையாட்டு உடை, சீருடை என்று இக்கருத்து விரிந்து, இன்று நம் நாட்டுக் கடைகளுக்கும் வந்துவிட்டது.

தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில் நெல் விளைவிக்கும் ஒருவருக்கு இதில் என்ன அக்கறை இருக்க முடியும் என்று வாசகர் கேட்கலாம். திருப்பூரைத் தொட்டு வரும் நொய்யலும், கரூரைத் தொட்டு வரும் அமராவதியும் டெல்டாவுக்கு மேலேதான் காவிரியில் கலக்கின்றன. உலகச் சந்தைக்கான துணிகள் பின்னப்படுவதும், நெய்யப்படுவதும், சாயமேற்றப்படுவதும் அவ்விரு ஆறுகளின் கரைகளில். பாபநாசத்தை ஒட்டி ஓடும் குடமுருட்டி, காவிரியிலிருந்து பிரிந்து வருவது. கிழக்கே நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் காரைக்கால் கடல். ஆக, உடைகள் உருவாகும் இடத்துக்கும் கடலுக்கும் நடுவே இவ்வூர் இருக்கிறது. ஆற்றில் உடையோடு இறங்கிக் குளிப்பதும், குளித்த துணியைச் சில நாள்களில் அங்கேயே விட்டுவிடுவதும் காவிரிக் கரைக்குப் பழகிய செய்திகள். உடைக்கும் கடலுக்கும் உள்ள உறவை ஆராய இங்கிருந்தே தொடங்கலாம்.

ஓர் உடை கடலுக்கு நன்மை செய்கிறதா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். அது எதிலிருந்து வந்தது? உடுத்தும் காலத்தில் எதை உதிர்க்கிறது? முடிவில் எங்கே போகிறது? விளம்பரங்கள் பெரும்பாலும் முதற் கேள்விக்கு மட்டுமே விடை தருகின்றன. மற்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு எப்படி மாறுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலை நூலாகும் வகை

முதலில், இம்முயற்சியில் உள்ள உண்மையான அறிவியல் வெற்றியைச் சொல்லிவிட வேண்டும். நைலானில் பல வகைகள் உண்டு. அவற்றுள் நைலான் 6 என்பது கேப்ரோலாக்டம் என்ற ஒரே மூலப்பொருளால் ஆனது. கேப்ரோலாக்டத்தின் மூலக்கூறு ஒரு வளையம். வளையங்கள் திறந்து ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியானால் நைலான் கிடைக்கிறது. தக்க வெப்பத்தில், தக்க வினைப்பொருளோடு சேர்த்தால் அச்சங்கிலி அறுந்து மறுபடியும் வளையங்களாகிவிடும். அவற்றைத் தூய்மைப்படுத்தி மீண்டும் சங்கிலியாக்கினால், புது நைலானுக்கு எவ்வகையிலும் குறையாத நைலான் கிடைக்கிறது. பழைய வெள்ளிப் பாத்திரத்தை உருக்கி மீண்டும் தூய வெள்ளியாக்குவதைப் போன்றது இது.

இத்தாலிய நிறுவனமான அக்வாஃபில், ஸ்லொவேனியா நாட்டு லியுப்லியானா நகரில் இம்முறையிலான ஆலையொன்றை 2011இல் தொடங்கியது. அங்கே கிடைக்கும் எக்கோனில் என்ற நூலே இன்று 'கடல் நீச்சலுடை' எனப்படும் பலவற்றுக்கு அடிப்படை. ஆனால் அவ்வாலைக்குச் செல்வது மீன் வலை மட்டுமன்று. பழைய தரைவிரிப்புகளும், தொழிற்சாலைகளில் மிஞ்சும் நைலான் கழிவும் செல்கின்றன. அவற்றை மீட்பதும் நல்ல செயலே. எனினும், விளம்பரப் படத்தில் வலையில் சிக்கிய ஆமையைக் காட்டுவோர் தரைவிரிப்பைக் காட்டுவதில்லை.

எல்லா வலையும் நூலாகுமா?

இரண்டாவது தடை வலையின் வேதியியலிலேயே இருக்கிறது. நம் கடற்கரைகளில் செவுள் வலைகள் பெரும்பாலும் நைலானால் ஆனவை. விசைப்படகுகளின் இழுவை வலைகளோ பெரும்பாலும் அடர் பாலிஎத்திலீனால் ஆனவை. கயிறுகளில் பல பாலிபுரொப்பிலீனால் ஆனவை. இவ்விரண்டிலும் கேப்ரோலாக்டம் இல்லை. அவற்றை நைலானாக்க முடியாது. வேறு பொருள்களாக உருக்கி வார்க்கலாம், ஆனால் நீச்சலுடைக்கான நூலாக்க முடியாது.

இவற்றின் அடர்த்தியையும் கவனிக்க வேண்டும். கடல்நீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.025 கிராம். நைலானின் அடர்த்தி சுமார் 1.14, ஆகவே கைவிடப்பட்ட நைலான் வலை மூழ்கும். பாலிஎத்திலீனின் அடர்த்தி சுமார் 0.95, ஆகவே அது மிதக்கும். கரையொதுங்கி எளிதில் பொறுக்கப்படும் வலைகளில் பெரும்பகுதி நூலாகாத வகை. நூலாகக்கூடிய வகையோ ஆழத்தில் பவளத்தையும் பாறையையும் பற்றிக் கிடக்கிறது. முக்குளிப்போர் உயிரைப் பணயம் வைத்து அதை அறுத்து எடுக்க வேண்டும். எடுத்த வலையிலும் சிப்பி, உப்பு, ஈயக் குண்டு ஆகியவற்றை நீக்க வேண்டும். ஆகவே துறைமுகங்களில் மீனவர்களிடமிருந்து நேரடியாகப் பெறப்படும் பழைய வலையே ஆலைகளுக்கு உகந்தது. அப்படிப் பெறுவது, வலை கடலுக்குப் போகாமல் தடுக்கிறது; கடலில் ஏற்கெனவே கிடப்பதை எடுப்பதில்லை. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இழந்த வலை, பிடிப்பார் இல்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். அதைப் பேய் வலை என்பர். உலக அளவில் ஆண்டுதோறும் சுமார் 6,40,000 டன் மீன்பிடிக் கருவிகள் கடலில் இழக்கப்படுகின்றன என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் சுற்றுச்சூழல் திட்டமும் 2009இல் மதிப்பிட்டன. இது நமக்குத் தொலைவான செய்தியன்று. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. கடற்புல் மேயும் இவ்விலங்கு மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சடைத்து இறந்துவிடும். பேய் வலையை அகற்றுவது இங்கே உயிர் காக்கும் வேலை. அவ்வேலைக்கு நேரடியாகப் பொருள் உதவும் உடை வணிகரைப் பாராட்டலாம். 'வலையிலிருந்து வந்தது' என்று அட்டையில் அச்சிடுவதோடு நிற்பவருக்கு அப்பாராட்டு உரியதாகாது.

புட்டிக் கணக்கு

நம் நாட்டில் இக்கருத்து வேறு வடிவில் புகழ்பெற்றது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நீர்ப் புட்டிகளிலிருந்து செய்த கையில்லா மேலங்கியை அணிந்து நாடாளுமன்றத்துக்கு வந்தார். அதற்கான துணி கரூரில் உருவானது. இந்தியன் ஆயில் நிறுவனம் தன் பணியாளர்களுக்கு இத்தகைய சீருடை வழங்கும் திட்டத்தையும் அப்போது அறிவித்தது. ஒரு சீருடைக்குச் சுமார் 28 புட்டிகள் மறுசுழற்சியாகும் என்று கூறப்பட்டது.

புட்டியைக் கழுவி, துண்டாக்கி, உருக்கி இழையாக்குவது நல்ல தொழில். கச்சா எண்ணெயிலிருந்து புதிதாகப் பாலியெஸ்டர் செய்வதைவிட இதற்கு எரிசக்தி குறைவாகவே தேவை. கரூர்த் தொழிலாளர்களின் திறமைக்கும் இது சான்று. ஆனால் புட்டி எண்ணிக்கை நமக்கு எதைச் சொல்கிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு புட்டி சுமார் 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், 28 புட்டிகள் 560 கிராம். சீருடையில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் பாலியெஸ்டர் இருக்கிறது என்பதே அவ்வெண்ணின் பொருள். உடை கனமானால் எண் கூடும், மெலிந்தால் குறையும். உடையின் எடையை அளக்கும் எண்ணைக் கொண்டு கடல் அடைந்த நன்மையை அளக்க முடியாது.

அப்புட்டி கடலுக்குப் போகவிருந்ததா என்பதும் கேள்விக்குரியது. தெளிந்த நீர்ப் புட்டிக்கு நம் ஊர்ப் பழைய சாமான் கடையில் விலை உண்டு. ஆகவே குப்பை பொறுக்கும் ஏழை மக்கள் அதை விடாமல் எடுத்துவிடுகிறார்கள். படித்துறைகளில் எடுப்பாரின்றிக் கிடப்பவை ஷாம்பு உறைகள், சோப்பு உறைகள், பூசைப் பொருள் கட்டி வந்த மெல்லிய பைகள். பல அடுக்குகள் ஒட்டிய அவ்வுறைகளை எந்த உடையாகவும் ஆக்க முடியாது. மறுபுறம், புட்டி மீண்டும் புட்டியாகக்கூடிய பொருள். அதைச் சட்டையாக்கிவிட்டால் அச்சுழற்சி அங்கே அறுந்துபோகிறது. சட்டை மீண்டும் சட்டையாவது மிக அரிது. உடைகளுக்காகச் செல்லும் பொருளில் 1 விழுக்காட்டுக்கும் குறைவே மீண்டும் உடையாகிறது என்று எல்லன் மக்ஆர்தர் அறக்கட்டளையின் 2017ஆம் ஆண்டு அறிக்கை கூறியது.

'கடலுக்குச் செல்லவிருந்த பிளாஸ்டிக்' என்றொரு முத்திரையும் உண்டு. கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் முறையாகக் கையாளப்படாமல் கிடக்கும் பிளாஸ்டிக் என்பது அதன் பரவலான வரையறை. இதன்படி, காரைக்கால் பக்கத்தில் ஒரு தெருவோரத்தில் கிடந்து அலையையே காணாத புட்டி முத்திரை பெறலாம். 60 கிலோமீட்டர் உள்ளே, பாபநாசம் படித்துறையில் வெள்ளத்தை எதிர்நோக்கிக் கிடக்கும் உறை, தூரக் கணக்கில் விலகிப்போகும். சில சான்று முறைகள் ஆற்றங்கரையைத் தனிப் பிரிவாகச் சேர்த்துக்கொண்டிருப்பது இக்குறையை உணர்ந்ததன் அடையாளம்.

உடுத்தும் காலத்தில்

இனி இரண்டாவது கேள்வி. துவைக்கும்போது துணி நுண்ணிழைகளை உதிர்க்கிறது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் துணுக்கை நுண்பிளாஸ்டிக் என்பர். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முடிவின்படி, இயந்திரத்தில் 6 கிலோ செயற்கைத் துணியைத் துவைக்கும்போது ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறக்கூடும். கடலில் சேரும் முதனிலை நுண்பிளாஸ்டிக்கில் 35 விழுக்காடு செயற்கைத் துணிகளின் சலவையிலிருந்து வருவதாக இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2017இல் மதிப்பிட்டது.

உதிரும் இழை, தான் புதுப் பாலியெஸ்டரா, புட்டியிலிருந்து வந்த பாலியெஸ்டரா என்று பார்த்து உதிர்வதில்லை. பெரிய புட்டியாக இருந்தபோது கையால் பொறுக்கக்கூடியதாயிருந்த பிளாஸ்டிக், துணியானபின் எவராலும் பொறுக்க முடியாத துகளாகிறது. 'கடலைக் காக்கும் உடை' என்ற சொல்லின் பெரிய ஓட்டை இதுதான்.

இங்கே நீச்சலுடைக்கு நியாயம் செய்ய வேண்டும். அது நீண்ட, முறியாத இழையால் நெருக்கிப் பின்னப்படுவது. கம்பளி போலச் சொரசொரப்பாக்கிய துணியைவிடக் குறைவாகவே உதிர்க்கும். ஆனால் அதற்கு வேறொரு குறை உண்டு. உடலோடு ஒட்டி நீள்வதற்காக அதில் ஐந்தில் ஒரு பங்கு வரை எலாஸ்டேன் என்ற மீள்நூல் கலக்கப்படுகிறது. அவ்வாறு பின்னிய நைலானையும் எலாஸ்டேனையும் பின்னர் பிரிப்பது கடினம். வலையாக இருந்தபோது மறுபிறவிக்குத் தகுதி பெற்றிருந்த நைலான், நீச்சலுடையானதும் பெரும்பாலும் அத்தகுதியை இழக்கிறது.

கையால் துவைக்கும்போது இயந்திரத்தைவிட மிகக் குறைவான இழைகளே உதிர்கின்றன என்று 2023இல் வெளிவந்த ஒரு சீன ஆய்வு காட்டியது. சலவைப் பலகையில் தேய்த்தால் அவ்வளவு கூடுகிறது என்றும் அது கண்டது. எனினும் படித்துறையில் துவைக்கும் துணிக்கும் ஆற்றுக்கும் இடையே வடிகட்டி எதுவும் இல்லை. காவிரி நீரில் நுண்பிளாஸ்டிக் இருப்பதும் ஊகமன்று. கிருஷ்ணராஜசாகர் அணைப் பகுதியில் எடுத்த நீரைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் சோதித்து, 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். அந்நீரில் வளர்த்த வரிக்குதிரை மீன் கருக்களில் எலும்புக் கோணல்களும் இதயக் குறைகளும் தோன்றின. நீரில் நுண்பிளாஸ்டிக்கோடு வேறு மாசுகளும் இருந்தமையால் முழுப் பழியையும் ஒன்றின் மேல் போட இயலாது. ஆனால் எச்சரிக்கை போதுமானது.

பருத்தி குற்றமற்றதா?

அப்படியானால் பருத்திக்குத் திரும்பினால் போதும் என்று சிலர் சொல்வர். அதையும் சோதிக்க வேண்டும். உலகக் கடல்களின் மேற்பரப்பில் எடுத்த 916 மாதிரிகளை ஆராய்ந்த ஒரு குழு 2020இல் தந்த முடிவு வியப்பானது: இழைகளில் 8.2 விழுக்காடு மட்டுமே செயற்கை. மற்றவை பருத்தி போன்ற தாவர இழைகளும் விலங்கு மயிர்களும். சாயமும் வேதிப்பொருளும் ஏறிய பருத்தி இழை, நாம் நினைத்த அளவு விரைவில் மறைவதில்லை என்பதையே இது காட்டுகிறது.

சாயத்தின் கதையைக் காவிரிக் கரையினர் நன்கறிவர். பருத்தியில் சாயம் பற்ற உப்பு வேண்டும். அவ்வுப்பில் பெரும்பகுதி கழிவுநீரில் வெளியேறும். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைக் கழிவுத் தேக்கமாக்கியது. அந்நீர் பட்ட வயல்கள் உவர்ந்தன. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. அதன்பின் நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அங்கே வேரூன்றியது. கடற்கரையைக் காணாத அந்த உழவர்களின் வழக்கு கடலுக்குச் செய்த நன்மை, பல 'கடல் உடை'களின் நன்மையைவிடக் குறைந்ததன்று. ஆனால் எந்த உடையின் அட்டையிலும் அவர்கள் பெயர் இல்லை.

படித்துறையில் விட்ட துணி

மூன்றாவது கேள்வியின் விடை நம் காலடியிலேயே இருக்கிறது. பாபநாசம் என்ற பெயருக்குப் பாவத்தை அழிப்பது என்று பொருள். இதே பெயருடைய தாமிரபரணிக் கரை ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ளது. அங்கே பரிகாரத்துக்காக நீராடி, உடுத்திய துணியை ஆற்றிலேயே விடுவது வழக்கம். அவ்வாறு விடப்பட்ட துணிகளைத் தொண்டர்களும் உள்ளாட்சிப் பணியாளர்களும் டன் கணக்கில் அள்ளியிருக்கிறார்கள். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் காவிரிப் படித்துறைகளிலும் இவ்வழக்கத்தைக் காணலாம்.

முன்னோர் விட்டது கைத்தறி வேட்டி, பருத்திச் சேலை. சேற்றில் புதைந்த பருத்தியை நுண்ணுயிர்கள் சில மாதங்களில் தின்று தீர்க்கும். இன்று விடப்படுவதில் பாலியெஸ்டர் சேலையும், கலப்பு நூல் வேட்டியும், நைலான் உள்ளாடையும் உண்டு. அவற்றைத் தின்னும் உயிர் அச்சேற்றில் இல்லை எனலாம். வழக்கம் மாறவில்லை, துணி மாறிவிட்டது. மீன் வலையின் கதையும் இதுவே. பருத்தி வலையைத் தொலைத்த காலத்தில் கடல் அதை மக்கச் செய்தது. நைலான் வலை தொலைத்தவரின் பேரன் காலத்திலும் மீன் பிடிக்கும்.

டெல்டாவின் நீர்முறை இதற்கு ஒரு நாளையும் குறித்துத் தருகிறது. மேட்டூர் அணை மரபாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுவது. நீரிருப்பைப் பொறுத்து இது மாறும். நீர் நின்ற மாதங்களில் கரையிலும் மணலிலும் கிடக்கும் துணி வெயிலில் நைந்து இற்றுப்போகும். புதுநீர் வரும்போது அவ்வளவும் புறப்படும். ஒரு பகுதி மதகுகளில் சிக்கும். ஒரு பகுதி வாய்க்கால் வழியே வயற்சேற்றில் தங்கும். எஞ்சியது கடல் சேரும். கடலில் சேர்ந்த பின் எவ்வளவு செலவு செய்தாலும் எடுக்க முடியாத பொருளை, மே மாதத்தில் இரண்டு ஆள்கள் ஒரு வண்டியில் அள்ளிவிடலாம்.

என்ன செய்யலாம்?

சுற்றுச்சூழல் பற்றிய பொய்யான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. 'பசுமை', 'இயற்கைக்கு உகந்தது' என்று பொதுப்படச் சொல்வோர் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆகவே கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இழையில் எத்தனை விழுக்காடு பழைய பொருள்? அது வலையா, புட்டியா, ஆலைக் கழிவா? எங்கே சேகரித்தது? சாயநீர் எங்கே போகிறது? பழையதான உடையைத் திரும்பப் பெறுவார்களா? இவ்வைந்துக்கும் விடை தரும் உடையை நம்பி வாங்கலாம். முதல் கேள்விக்கு மட்டும் விடை தருவது, மற்ற உடைகளைப் போல அதுவும் ஓர் உடை. அது தேவைப்பட்டால் வாங்கலாம்; கடலுக்காக என்று வாங்க வேண்டியதில்லை. இருக்கும் உடையை இன்னும் இரண்டாண்டு உடுத்துவது எந்தப் புது உடையையும்விடக் கடலுக்கு நல்லது. புதுத் துணி முதற் சில சலவைகளில்தான் மிகுதியாக உதிர்க்கிறது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஊர் செய்ய வேண்டியதும் உண்டு. படித்துறை தோறும் துணிக்கென்று ஒரு தொட்டி வைத்து, நீராடியவர் அதில் இடச் செய்யலாம். வேண்டுதலுக்கு விடும் துணி சாயமேறாத பருத்தியாக இருக்கட்டும் என்று கோயில்களும் புரோகிதர்களும் சொல்லலாம். பள்ளி மாணவர்கள் ஜூன் 12க்கு முன் ஒரு நாள் ஆற்றங்கரையில் கிடப்பதைச் சேகரித்து, துணி, உறை, புட்டி என்று பிரித்து எடைபோட்டு எழுதி வைக்கலாம். ஐந்தாண்டு அவ்வாறு எழுதினால், எந்த விளம்பர அட்டையிலும் இல்லாத ஓர் உண்மைக் கணக்கு பாபநாசத்திடம் இருக்கும். கடலைக் காப்பதாகச் சொல்லும் எந்த வணிகரும் தம் கணக்கை அதன் அருகில் வைத்துக் காட்டட்டும்.